அப்பாவின் பிரஷர் மாத்திரையோடு தூக்க மருந்து சேரலாமா? ஒரு வேரை அளந்து பார்த்த டாக்டர் வகீலின் கதை

அப்பா திண்டுக்கல்லில், மகன் பெங்களூரில். இரவு போனில் பேசும்போது, நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்கிறார் அப்பா. போனை வைத்த கையோடு மகன் ஆப்பைத் திறந்து மெலடோனின் கம்மி ஒரு டப்பா ஆர்டர் போடுகிறார். அது வந்து சேருவதற்குள், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நாட்டு மருந்து கடையில் ஒரு வேர்ப்பொடியை வாங்கி, பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்துவிடுகிறார் அப்பா. இருவரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள்.

ஆனால் அப்பா ஏற்கெனவே காலையில் ஒரு பிரஷர் மாத்திரையும், இரவில் ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். இவை எல்லாம் ஒரே உடம்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. தூக்கத்துக்கான பொருள் தூக்கத்தைத் தரும், இதய மாத்திரை இதயத்தைப் பார்த்துக்கொள்ளும், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. தூக்கத்துக்கும் மனக் கொந்தளிப்புக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்த ஒரு வேர், இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் என்ன செய்கிறது என்று கணக்கெடுத்து உலகத்துக்குச் சொன்னவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல். அவர் யார், என்ன செய்தார், அவர் கதையில் இன்றைய அப்பாக்களுக்கு என்ன இருக்கிறது? பார்ப்போம்.

யார் இந்த வகீல்?

1911-ல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் வகீல். மருத்துவப் படிப்பு லண்டனில். படித்து முடித்து 1930-களின் கடைசியில் ஊர் திரும்பினார். இதயத்துக்கு மட்டும் தனி டாக்டர் என்பதே அன்றைக்கு இந்தியாவில் புது விஷயம். பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய வகீலை, இந்தியாவில் நவீன இதய மருத்துவத்தின் தந்தை என்றே பின்னாளில் அழைத்தார்கள்.

அவரைப் பார்க்க வந்தவர்களில் ஏராளமானோருக்கு உயர் ரத்த அழுத்தம். நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, எண்ணைப் பார்த்தால் போதும். அதன்பிறகு என்ன கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அப்போது பிரஷருக்கு மருந்தே இல்லையா?

கிட்டத்தட்ட இல்லை. 1940-களில் டாக்டர்கள் கையில் இருந்தவை மிகக் குறைவு. உப்பைக் குறைப்பது, படுத்து ஓய்வெடுப்பது, நரம்புகளை வெட்டும் பெரிய ஆபரேஷன், பிறகு தூக்க மருந்து. அமெரிக்காவில் உப்பில்லாத சோறும் பழமும் மட்டும் கொடுத்து ஒரு வைத்தியம்கூட நடந்தது.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம், அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்டு ப்ரூயன், இதயம் பலவீனமாகிவிட்டதைக் கண்டார். இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், அமைதிக்கு ஃபீனோபார்பிடோன் என்ற தூக்க மருந்து, கூடவே உப்புக் குறைவான சாப்பாடு என்று போனது சிகிச்சை. உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்கே அன்றைக்குக் கிடைத்தது இவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு அவர் இறந்தபோது ரத்த அழுத்தம் 300/190. வயது 63.

வாஷிங்டனிலேயே நிலைமை இப்படி என்றால், பம்பாயில் சொல்லவே வேண்டாம். ஆனால் வகீலுக்கு அமெரிக்க டாக்டர்களிடம் இல்லாத ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதுதான் சர்ப்பகந்தா.

தூக்க வேரா, இதய வேரா?

சர்ப்பகந்தா ஒரு சின்னச் செடி. இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும். மருந்துக்கு எடுப்பது அதன் வேரை. தாவரவியல் பெயர் ராவுல்ஃபியா செர்பென்டினா. ராவுல்ஃப் என்பவர் 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர். அவருடைய நினைவாக ஒரு பிரெஞ்சு தாவரவியலாளர் பின்னாளில் வைத்த பெயர் இது.

பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று பலவற்றுக்கும் இந்த வேரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பீகார் பக்கம் இதற்கு இருந்த பெயரே வேறு. மனநிலை பாதித்தவர்களை அமைதிப்படுத்தவும் தூங்கவைக்கவும் அங்கே கொடுத்த மருந்து இதுதான். அழுகிற குழந்தைகளைத் தூங்கவைக்கவும் சில இடங்களில் கொடுத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

1931-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், இந்த வேர் மனநோய்க்கு மட்டுமல்ல, உயர் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற வேதியியலாளர் இந்த வேரிலிருந்து சில வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார். அதில் ஒன்றுக்குத் தன்னை ஆதரித்த யுனானி மருத்துவரும் விடுதலைப் போராட்டத் தலைவருமான ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்.

இந்த அஜ்மலின் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையே மாற்றக்கூடியது. ப்ருகாடா என்ற பரம்பரை இதய நோயைக் கண்டுபிடிக்க, மருத்துவமனையில் இ.சி.ஜி. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசியாகப் போட்டுப் பார்க்கும் மருந்து இது. யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கண்காணிப்போடு கொடுக்கிற ஒரு பொருள், தூக்கத்துக்கு என்று பாலில் கலக்கும் அதே வேருக்குள் இருக்கிறது.

50 நோயாளிகள், ஒரு கட்டுரை

வகீலுக்கு முன்பே பல இந்திய டாக்டர்கள் சர்ப்பகந்தாவைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், பிரஷர் எத்தனை புள்ளி இறங்கியது, எத்தனை நாளில் இறங்கியது, என்ன பக்கவிளைவு வந்தது என்று வரிசையாக எழுதிவைத்தவர்கள் குறைவு. கேட்டால் நல்லா வேலை செய்யுது என்ற பதில் மட்டும் கிடைக்கும். அந்தப் பதிலோடு வகீல் திருப்தி அடையவில்லை.

வேரைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டார். காரணம் தெரியாத உயர் ரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, வாரக்கணக்கில் கவனித்தார். முடிவை 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. தடாலென்று இறங்காமல், மெதுவாக, நாட்கள் போகப் போக இறங்கியது.

இன்றைய கணக்கில் 50 பேர் என்பது சின்ன ஆய்வு. ஆனால் அன்றைக்கு அது பெரிய திருப்பம். ஊருக்குள் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விஷயம், உலகின் எந்த மூலையில் இருக்கும் டாக்டரும் படித்து, சந்தேகப்பட்டு, தானே செய்துபார்க்கக்கூடிய எண்களாக மாறியது.

பம்பாயிலிருந்து பாஸ்டனுக்கு

அப்படிப் படித்துவிட்டுச் செய்துபார்த்தவர்களில் ஒருவர் பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் வில்கின்ஸ். 1950-களின் தொடக்கத்தில் தன் நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்தார். பிரஷர் குறைந்தது. கூடவே நோயாளிகள் பதற்றம் குறைந்து அமைதியாவதையும் கவனித்தார். பீகார் கிராமங்களில் பார்த்த அதே விளைவு, பாஸ்டனில்.

1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் வேரின் முக்கிய வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். பிரஷரைக் குறைப்பதும் மனதை அமைதிப்படுத்துவதும் ஒரே பொருள்தான் என்பது அப்போது தெளிவானது. எப்படி? சிம்பிளாகச் சொன்னால், நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின், செரடோனின், டோபமைன் போன்ற ரசாயனங்கள் சின்னச் சின்னப் பைகளில் சேமிப்பில் இருக்கும். ரெசர்பின் அந்தச் சேமிப்பைக் காலிசெய்துவிடும். ரத்தக் குழாய் பக்கம் சேமிப்பு காலியானால் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும். மூளை பக்கம் காலியானால் மந்தம், தூக்கக் கலக்கம் வரும்.

அதாவது இது தூக்க மருந்து, அது இதய மருந்து என்று நாம் போடும் கோடு உடம்புக்குள் கிடையாது. வகீல் கையில் எடுத்த வேர் நிரூபித்த மிகப் பெரிய உண்மை இதுதான்.

1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வகீலுக்குக் கிடைத்தது. மருத்துவத்தில் நோபலுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் விருது அது. மறு ஆண்டே பத்மபூஷண். 1965-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது.

மறுபக்கமும் இருந்தது

புகழ் உச்சத்தில் இருந்தபோதே பிரச்சினைகளும் வெளியே வந்தன. மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, நாடித் துடிப்பு குறைவது, பகலிலும் தூக்கக் கலக்கம், கெட்ட கனவுகள். இவற்றைவிடப் பெரிய கவலை மனச்சோர்வு. அதிக அளவில் ரெசர்பின் எடுத்த சிலர் கடுமையான மனச்சோர்வுக்குள் போனதாக 1950-களின் நடுவிலேயே டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

இன்னொரு சிக்கல், இந்த மருந்து உடனே வேலை செய்யாது, உடனே விலகவும் செய்யாது. முழு விளைவு தெரிய வாரங்கள் ஆகும். நிறுத்திய பிறகும் விளைவு நீடிக்கும். நேற்று நிறுத்திட்டேன், இன்னைக்கு ஒண்ணும் இருக்காது என்று நினைக்க முடியாது.

1974 செப்டம்பரில் லான்செட் இதழில் ரெசர்பினுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் வெளியாகி உலகம் முழுக்கப் பரபரப்பானது. அந்த நவம்பரில் வகீல் காலமானார். வயது 63. பிற்கால ஆய்வுகள் அந்தப் பயத்தைப் பெரிய அளவில் உறுதிசெய்யவில்லை. ஆனால் அதற்குள் வேறு பிரஷர் மாத்திரைகள் வந்துவிட்டன. ரெசர்பின் பின்னுக்குப் போனது.

அதனால் அவர் வேலை வீணாகிவிட்டதா? இல்லவே இல்லை. பிரஷரை மாத்திரையால் குறைத்தால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் குறையும் என்பதைத் தெளிவாக நிரூபித்த அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளின் ஆய்வு 1967-ல் வெளியானது. அதில் கொடுத்த கூட்டு மருந்தில் ஒன்று ரெசர்பின். இந்தியாவில் ரெசர்பின் கலந்த அடல்ஃபேன் மாத்திரையைத் தாத்தா பாட்டிகள் பலர் வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவ மாணவர்களுக்கு வகீல் வேறு வகையிலும் தெரிந்தவர். கோல்வாலாவோடு சேர்ந்து அவர் எழுதிய பிசிக்கல் டயக்னோசிஸ் புத்தகம், நோயாளியைத் தொட்டு, தட்டி, கேட்டு நோயைக் கண்டுபிடிக்கப் பல தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்தது.

சரி, திண்டுக்கல் அப்பாவுக்கு என்ன?

வகீல் காலத்தில் ஒரு வேர்தான். இன்றைக்கு நாட்டு மருந்து கடை, மெடிக்கல் ஷாப், ஆன்லைன் என்று எல்லாப் பக்கமும் தூக்கப் பொருட்கள். தேவையும் இருக்கத்தான் செய்கிறது. வேடசந்தூர் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ராத்திரி லோடு, நிலக்கோட்டையில் விடியும் முன் பூ பறிப்பு. தூக்கம் கெடும் வேலைகளுக்கு இந்தச் சமவெளியில் பஞ்சமில்லை.

எந்தப் பொருள் எந்த மாத்திரையோடு மோதும்?

சர்ப்பகந்தா: இதுவே ஒரு பிரஷர் மருந்து. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையோடு சேர்ந்தால் நாடியும் பிரஷரும் அளவுக்கு மீறி இறங்கலாம். டிகாக்ஸின் எடுப்பவர்களுக்குத் துடிப்பின் தாளமே மாறலாம். மனச்சோர்வு இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். வேரின் வீரியம் மண்ணுக்கும் செடியின் வயதுக்கும் ஏற்ப மாறும் என்பதால், ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மெலடோனின்: மருந்தைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறும். நிபெடிபின் எடுக்கும் பிரஷர் நோயாளிகளுக்கு இரவில் மெலடோனின் கொடுத்தபோது, பிரஷர் குறைவதற்குப் பதிலாக ஏறியது என்று இத்தாலிய ஆய்வு ஒன்று 2000-ல் சொன்னது. ஆனால் பீட்டா பிளாக்கர் எடுக்கும் 16 பேருக்கு 3 வாரம் மெலடோனின் கொடுத்த 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் தூக்கம் நன்றாகவே மேம்பட்டது. பீட்டா பிளாக்கர் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் மெலடோனினைக் குறைப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் மெலடோனின் சேர்த்தபோது ரத்தக்கசிவு வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

அஸ்வகந்தா எனும் அமுக்கரா: பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம், தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டலாம், தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம். தைராய்டு ஏறினால் படபடப்பு வரும். இதய நோயாளிக்கு அது சின்ன விஷயமில்லை.

மெக்னீசியம்: சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் உடம்பில் தேங்கி, துடிப்பைக் குறைக்கும்.

அலர்ஜி மாத்திரை: தூக்கம் வரும் என்பதற்காகவே சிலர் போட்டுக்கொள்வார்கள். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் தரும். சிலருக்கு இதயத் துடிப்பையும் பாதிக்கும்.

லேபிளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மி பிராண்டுகளைச் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில், 22 பிராண்டுகளில் லேபிளில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தானே வகீல் அவ்வளவு மெனக்கெட்டார்.

தூக்கம் ஏன் வரவில்லை என்று முதலில் கேளுங்கள்

இதய நோயாளியின் தூக்கமின்மை சில சமயம் இதயமே அனுப்பும் சிக்னல். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறதா? நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாரா? கால் வீங்கியிருக்கிறதா? அப்படியென்றால் அது இதயம் பலவீனமாவதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே தூக்கப்பொடி கொடுப்பது எச்சரிக்கை மணியைத் துணி சுற்றி அமுக்குவது போல. பலமான குறட்டையோடு நடுநடுவே மூச்சு நின்று வந்தால், அதற்கும் தனிப் பரிசோதனை வேண்டும்.

சில நேரம் காரணம் மாத்திரையின் டைமிங்தான். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக வேண்டிவரும். சில பீட்டா பிளாக்கர்கள் கெட்ட கனவைத் தரும். நேரத்தையோ மருந்தையோ டாக்டர் மாற்றினாலே தூக்கம் திரும்பலாம். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

செய்ய வேண்டியது என்ன?

அப்பா வாயில் போடும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். மாத்திரை, சூரணம், லேகியம், கம்மி, பாலில் கலக்கும் பொடி எல்லாம். எந்த நேரத்தில், எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். அதை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதய டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் அதே தாள்தான். நாட்டு மருந்து என்றால் இதய டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். அந்த மறைப்புதான் உண்மையான ஆபத்து.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறதென்றால், அதைக் கொண்டுவரும் தன்னார்வலரிடமும் புதிதாகச் சேர்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சந்தேகத்துக்கு 104-ல் கேட்கலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுவது, நாடி 50-க்குக் கீழே போவது, கறுப்பாக மலம் போவது போன்றவை தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ தாமதிக்காமல் 108.

டாக்டர் சரி என்று சொன்னால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள், குறைந்த அளவில். முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பிரஷரையும் நாடியையும் பார்த்து நோட்டில் எழுதிவரலாம்.

அந்த நோட்டுதான் வகீல் கடைப்பிடித்த முறையின் வீட்டு வடிவம். அவர் மூலிகையை மட்டம் தட்டவில்லை, கண்மூடித்தனமாக நம்பவும் இல்லை. கொடுத்தார், அளந்தார், எழுதினார். ஆர்டர் போட்ட கம்மி டப்பா நாளை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதைப் பிரிப்பதற்கு முன்னால் திண்டுக்கல்லுக்கு ஒரு போன் போட்டு, அப்பா என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.